பலகாரம் போகும் தூரமும் பாத்திரம் திரும்பும் வழியும்

கரூரிலிருந்து காங்கேயம் வழியாகக் கோவைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள வெள்ளகோவில், விசைத்தறிக்கும் தேங்காய்க் கொப்பரைக்கும் முருங்கைக்கும் பெயர்பெற்ற நகராட்சியாகும். இதன் கடைவீதியிலும், கொங்கு நாட்டுச் சாலைகளுக்கே உரிய அடையாளமாகிவிட்ட பேக்கரிகளிலும் முறுக்கு, தட்டுவடை, மிக்சர், கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கச்சாயம், ஒப்பிட்டு எனப் பலவகைப் பலகாரங்கள் விற்கப்படுகின்றன. இவற்றில் பல, செய்த ஊரிலோ அடுத்த ஊரிலோ, செய்த சில நாட்களுக்குள்ளேயே தின்று தீர்க்கப்படுகின்றன. ஆனால் அவற்றை அடைத்து விற்கும் பிளாஸ்டிக் உறையோ, தின்று முடித்த பிறகும் தலைமுறைக் கணக்கில் மண்ணில் மட்காமல் கிடக்கக்கூடியது.

இந்தப் பொருத்தமின்மையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், பிளாஸ்டிக்குக்கு மாற்று எது, காகிதமா, பாக்கு மட்டையா, பனையோலையா என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. அக்கேள்வி தேவையானதே. எனினும் அதற்கு முன்னர் விடை காண வேண்டியவை வேறு இரண்டு: குறிப்பிட்ட பலகாரம் எத்தனை நாள், எவ்வளவு தூரம் பயணம் செய்யப்போகிறது என்பது ஒன்று, காலியான கலம், அதை நிரப்பிக் கொடுத்தவரிடமே திரும்பி வருவதற்கு வழி இருக்கிறதா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் கொங்கு நாட்டில் முன்பே நடைமுறை விடைகள் இருந்தன என்பதும், அவற்றில் பலவற்றை இன்றைய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டே மீட்டெடுக்க முடியும் என்பதும் கவனிக்கத்தக்கவை.

பலகாரம் எதனால் கெடுகிறது?

பொதிகலத்தின் தேவை பலகாரத்தின் இயல்பிலிருந்தே பிறக்கிறது. எண்ணெயில் பொரித்த பண்டம் கெடுவதற்கு இரண்டு காரணங்கள் முதன்மையானவை. முதலாவது, நமுத்துப்போதல். மாவைப் பொரிக்கும்போது அதிலுள்ள நீர் ஆவியாக வெளியேற, அந்த இடத்தில் நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. மொறுமொறுப்பைத் தருவது அந்த வறண்ட, துளைகள் நிறைந்த அமைப்பே. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சத் தொடங்கியதும் மொறுமொறுப்பு போய்விடுகிறது. உணவியலார் இதை ‘நீர்ச் செயல்பாடு’ என்ற அளவால் குறிப்பர். ஓர் உணவில் எதனோடும் பிணையாமல் இருக்கும் நீரின் நிலையை 0 முதல் 1 வரையிலான எண்ணால் காட்டும் அளவு அது. மொறுமொறுப்பான பண்டங்களில் இந்த அளவு ஏறத்தாழ 0.4 அல்லது 0.5 ஐத் தாண்டும்போது மொறுமொறுப்பு குறையத் தொடங்குகிறது. பூஞ்சையும் நுண்ணுயிரிகளும் வளர்வதற்கோ அது 0.6க்கு மேல் உயர வேண்டும். எனவே நமுத்த முறுக்கு உடனே உடலுக்குக் கேடு செய்வதில்லை, ஆனால் விலைபோகாது.

இரண்டாவது, எண்ணெய் காறிப்போவது. எண்ணெயிலுள்ள நிறைவுறாக் கொழுப்பு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைவதால் சிக்கு வாடையும் கசப்பும் தோன்றுகின்றன. வெளிச்சமும் வெப்பமும் இச்சிதைவை விரைவுபடுத்துவதோடு, செம்பு, இரும்பு போன்ற உலோகங்கள் சிறிதளவு கலந்தாலே போதும், அது மேலும் வேகமாகிறது. இங்கே எண்ணெயின் வகையும் பொருட்படுத்தத்தக்கது. காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் ஏராளமாகக் கிடைக்கும் தேங்காய் எண்ணெயில் சுமார் 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு என்பதால், அது காற்றுபட்டுக் காறிப்போவதைக் கடலை எண்ணெயைவிட நன்றாகத் தாங்குகிறது. ஆனால் ஈரம் புகுந்துவிட்டால் அதே தேங்காய் எண்ணெய் நீரால் சிதைந்து சோப்பு போன்ற சுவையைத் தரும். நல்லெண்ணெயிலோ, சிதைவைத் தடுக்கும் இயற்கைப் பொருட்கள் தாமாகவே அமைந்துள்ளன.

ஆகவே பொரித்த பலகாரத்துக்கான நல்ல கலம் ஈரத்தையும் காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்க வேண்டும். நொறுங்காமலும் காக்க வேண்டும். இனிப்புகளின் தேவை வேறு. வெல்லப்பாகில் பிடித்த கடலை மிட்டாய் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும் என்பதால் அதற்கும் இறுக்கமான மூடி வேண்டும். ஒப்பிட்டு போன்ற ஈரப்பதமுள்ள பண்டத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் சூட்டோடு அடைத்தால், உள்ளேயே வியர்த்து விரைவில் பூஞ்சை பிடிக்கும். ஓரிரு நாளில் உண்டு முடிக்க வேண்டிய அதற்கு வாழையிலையே போதுமானது. பலகாரங்கள் அனைத்துக்கும் ஒரே உறை என்ற இன்றைய வழக்கம், சூழலுக்கு மட்டுமின்றிப் பலகாரத்துக்கும் பொருந்தாதது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

பருவநிலையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளகோவில் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதி காற்று வறண்டே இருக்கிறது. நன்றாக மூடிய எளிய பாத்திரத்திலேயே முறுக்கு பல நாள் தாங்கும். ஆனால் பலகாரம் மிகுதியாகச் செய்யப்படும் தீபாவளியோ, காற்றில் ஈரம் கூடும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. எனவே எந்த மாற்றுக் கலமும் தேர்ச்சி பெற வேண்டிய காலம் ஐப்பசி மாதமே.

தூக்குப்போசியும் சம்படமும்

பிளாஸ்டிக் வருவதற்கு முன்னர் கொங்கு நாட்டு வீடுகளில் பலகாரத்துக்கு இருந்த கலங்கள், மேற்கண்ட தேவைகளைப் பெரும்பாலும் நிறைவு செய்தவையே. உறவினர் வீட்டுக்கு நோம்பிப் (பண்டிகைப்) பலகாரம் கொண்டுசெல்லக் கைப்பிடியும் மூடியும் கொண்ட தூக்குப்போசி பயன்பட்டது. வீட்டில் சேர்த்துவைக்கச் சம்படங்கள் இருந்தன. பித்தளைக் கலங்களுக்கு உட்புறம் வெள்ளீயம் பூசும் வழக்கம் இருந்ததற்குத் தெளிவான காரணம் உண்டு: பூச்சில்லாத பித்தளையிலிருந்து செம்பு உணவில் கலப்பது உடலுக்கும் தீங்கு, எண்ணெய் காறிப்போவதையும் அது விரைவுபடுத்தும். சரியாக வெள்ளீயம் பூசாத செம்பு, பித்தளைக் கலங்களில் உணவை வைப்பதை இன்றைய உணவுப் பாதுகாப்பு விதிகளும் ஏற்பதில்லை. பின்னர் எவர்சில்வர் பரவியதும் பூச்சுக்கான தேவையே நீங்கிற்று. சேலத்தில் 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய உருக்காலையின் துருப்பிடிக்காத எஃகுத் தகடு, பாத்திரத் தொழிலில் தனிப்பெயர் பெற்றது.

கடைகளில் தகர டின்களும் கண்ணாடி ஜாடிகளும் இருந்தன. முறுக்கும் மிக்சரும் டின்னில் வந்து, எடை போட்டுப் பொட்டலமாகக் கட்டித் தரப்பட்டன. பொட்டலத்தை மஞ்சப்பையில் இட்டுக்கொண்டு போனார்கள். பேக்கரிகளின் முன்பலகையில் வரிசையாக நிற்கும் கண்ணாடி ஜாடிகள் இன்றும் மறையவில்லை. ஒரே ஜாடி ஆண்டுக்கணக்கில் கழுவி நிரப்பப்படுவதால், மறுபயன்பாட்டுக் கலத்துக்கு அன்றாடம் கண்ணில் படும் சான்றாக அது விளங்குகிறது.

இந்த ஏற்பாட்டில் பொருளைவிட முக்கியமானது, அதன் திரும்பும் வழி. உறவினர் வீட்டுக்குச் சென்ற தூக்குப்போசி வெறுமையாகத் திரும்புவது வழக்கமில்லை. அவர்கள் வீட்டுப் பண்டம் ஏதேனும் அதில் நிரம்பித் திரும்பும். பாத்திரத்தில் பெயர் பொறிக்கும் வழக்கமும் அது தவறாமல் உரியவரிடம் சேரவே பயன்பட்டது. கடைக்கும் பலகாரம் செய்பவருக்கும் இடையில் டின் போய்வந்ததற்குக் காரணம், இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்ததும், அடுத்த சரக்கு வரும்போது பழைய டின் திரும்ப வேண்டும் என்ற வணிக ஒழுங்கும் ஆகும். சூழலியல் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்னரே கலம் திரும்பிவந்தது. கலம் விலையுயர்ந்ததாகவும் தூரம் குறைவாகவும் இருந்ததால் அது இயல்பாக நடந்தது.

பாக்கெட் வந்த வழி

சிறு அளவில் அடைத்து விற்கும் முறையில் தமிழ்நாட்டுக்கு முன்னோடி இடம் உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் திரவப் பொருட்களைச் சிறு பிளாஸ்டிக் உறைகளில் அடைத்து விற்கும் முறையைப் பரவலாக்கியவராக அறியப்படுகிறார். அக்குடும்பத்திலிருந்து 1983இல் சந்தைக்கு வந்த சிக் ஷாம்பு அம்முறையைக் கிராமங்கள்வரை கொண்டுசென்றது. விலை உயர்ந்த பொருளை ஏழை மக்களும் வாங்கக்கூடிய சிறு அளவாக்கியது அதன் சாதனை. திரும்பி வராத, திரட்டவும் முடியாத குப்பையைத் தெருவெங்கும் பரப்பியது அதன் விளைவு. 1990களில் காற்றடைத்த உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டுகள் நாடெங்கும் பரவியபோது, உள்ளூர்ப் பலகாரமும் அதே வடிவத்தை மேற்கொள்ளத் தொடங்கியது.

அந்தப் பளபளக்கும் பாக்கெட் பன்னடுக்குப் படலத்தால் ஆனது. அச்சிடுவதற்கு ஏற்ற பாலியெஸ்டர் வெளியடுக்காகவும், காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்கும் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு நடுவிலும், சூட்டில் ஒட்டக்கூடிய பாலித்தீன் உள்ளடுக்காகவும் அமைகின்றன. உள்ளே காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் வாயுவை நிரப்பினால் எண்ணெய் காறிப்போவது பெரிதும் தள்ளிப்போகிறது. பாதுகாக்கும் ஆற்றலில் இதற்கு நிகரான மலிவான உறை வேறில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தனித்தனியே உருக்கி மறுசுழற்சி செய்யக்கூடிய அப்பொருட்கள், ஒன்றோடொன்று ஒட்டியபின் பிரிக்க முடியாதவையாகின்றன. எடை குறைவு, விலையும் கிடைக்காது என்பதால் பழைய பொருள் சேகரிப்பவர்கள் அவற்றைத் தொடுவதில்லை. எஞ்சிய வழிகள், சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாவது, குப்பைமேட்டில் புதைவது, சாலையோரத்தில் எரிவது ஆகிய மூன்றுதான்.

சிறு ஊர்களின் பலகாரத் தயாரிப்பாளர்கள் பலரும் பயன்படுத்துவது இந்தப் பன்னடுக்குப் பாக்கெட் அன்று. கையால் இயக்கும் ஒட்டுப்பொறியில் மூடப்படும் நிறமற்ற பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலித்தீன் பையே. இதைப் பற்றிப் பலரும் அறியாத உண்மை ஒன்று உண்டு. இவ்வகைப் பிளாஸ்டிக் ஈரத்தை நன்கு தடுக்கும். ஆனால் ஆக்சிஜனைத் தடுக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு, வெளிச்சத்தையோ அது சிறிதும் தடுப்பதில்லை. வெயில் படும் கடை முகப்பில் தொங்கும் முறுக்குப் பை, மொறுமொறுப்பு குறையாமலே காறிப்போவது இதனால்தான். உள்ளே இருப்பதைக் காட்டுவது அந்தப் பையின் முதன்மைப் பயன். பாதுகாப்பில் அது மூடியுள்ள எவர்சில்வர்ச் சம்படத்துக்கு ஈடாகாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2019–20 ஆண்டறிக்கைப்படி தமிழ்நாட்டில் உருவான பிளாஸ்டிக் கழிவு சுமார் 4.3 லட்சம் டன். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த நிலை அது. அதில் பலகார உறைகளின் பங்கு எவ்வளவாயினும், திரட்டுவதற்குக் கடினமான பகுதியைச் சேர்ந்தவை அவை.

சட்டம் தடுப்பதும் அனுமதிப்பதும்

தமிழ்நாடு அரசு 2018 ஜூன் 25 அன்று பிறப்பித்த ஆணையின்படி, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டுமே பயன்படும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்கள் மாநிலத்தில் தடைசெய்யப்பட்டன. எல்லாத் தடிமனிலுமான கேரி பேக், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, காகிதக் கோப்பை ஆகியவை அவற்றில் அடங்கும். உற்பத்தி இடத்திலேயே பொருளை அடைத்து மூடும் பைகளுக்கு முதலில் தரப்பட்டிருந்த விலக்கை 2020 ஜூன் 5 அன்று அரசு திரும்பப் பெற்றது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். மத்திய அரசும் 2022 ஜூலை 1 முதல் குறிப்பிட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்களை நாடு முழுவதும் தடைசெய்தது. இவ்வளவுக்குப் பின்னரும் கடைகளில் பலகாரப் பாக்கெட் தொங்குவதற்குக் காரணம், தடைக்கு ஈடான மாற்று ஏற்பாடு கடைக்காரரின் கைக்கு எட்டாததே.

பிளாஸ்டிக்கை விலக்கிவிட்டுச் செய்தித்தாளுக்குத் திரும்புவதும் சட்டப்படி இயலாது. அச்சு மையிலுள்ள தீங்கான வேதிப்பொருட்கள் சூடான, எண்ணெய் மிகுந்த உணவில் எளிதில் கலக்கும் என்பதால், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இல் இதைப் பற்றி எச்சரித்தது. அதன் 2018ஆம் ஆண்டுப் பொதிகல ஒழுங்குமுறைகள் செய்தித்தாளில் உணவைக் கட்டுவதை வெளிப்படையாகவே தடுத்தன.

மறுபயன்பாட்டைப் பற்றி அதே ஒழுங்குமுறைகள் சொல்வது பலகாரத் தொழிலுக்கு மிகவும் தொடர்புடையது. ஒருமுறை பயன்படுத்திய தகர டின்னை மீண்டும் உணவு அடைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அவை கூறுகின்றன. துருவும் பழைய எண்ணெய்ப் படிவும் இதற்குப் போதிய காரணங்கள். எனவே எண்ணெய் டின்னில் முறுக்கு அடைத்த பழைய வழக்கத்தை அப்படியே மீட்க முடியாது. ஆனால் ஐந்து லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் பிளாஸ்டிக் கலங்களையும் கண்ணாடிப் புட்டிகளையும், அவை உறுதியானவையாகவும் எளிதில் கழுவித் தூய்மைப்படுத்தக்கூடியவையாகவும் இருந்தால், மீண்டும் பயன்படுத்துவதை அவை ஏற்கின்றன. இதன் பொருள், செய்பவருக்கும் கடைக்கும் இடையே பெரிய கலங்கள் போய்வருவதற்குச் சட்டத்தில் இடமுண்டு என்பதே.

பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2022இல் சேர்க்கப்பட்ட ‘உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு’ என்ற ஏற்பாடும், அதாவது பொருளை விற்றவரே அதன் உறைக்கும் இறுதிவரை பொறுப்பேற்க வேண்டும் என்ற நெறியும், கெட்டியான பிளாஸ்டிக் கலங்களில் ஒரு பங்கை மறுபயன்பாட்டுக்குரியதாக்கச் சொல்கிறது. ஆனால் அந்தக் கடமை 0.9 கிலோ அல்லது லிட்டர் அளவிலிருந்தே தொடங்குவதால், 100 கிராம், 200 கிராம் பலகாரப் பொதிகளை அது தொடுவதில்லை. சிறு பொதிக்கான தீர்வை ஊர் அளவிலேயே தேட வேண்டியிருக்கிறது.

மாற்றுப் பொருட்களின் தகுதி

மாற்றாக முன்வைக்கப்படும் பொருட்களில் காகிதம் முதலில் வருகிறது. வெள்ளகோவிலுக்குக் கிழக்கே, கரூர் மாவட்டம் புகளூர்க் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் இயங்குகிறது. அந்நிறுவனத்தின் பொதிகல அட்டை ஆலை, முறுக்குக்குப் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறைக்கு அருகே மொண்டிபட்டியில் 2016இல் தொடங்கியது. மூலப்பொருள் அருகிலேயே கிடைக்கிறது என்பது பெரிய வாய்ப்பு. ஆயினும் வெறும் காகிதம் எண்ணெயை உறிஞ்சும், ஈரத்தையும் தடுக்காது. உட்புறம் பிளாஸ்டிக் பூசினால், மறுசுழற்சிக்குத் தடையான பன்னடுக்குச் சிக்கல் திரும்பவும் வந்துவிடுகிறது. எண்ணெய் ஒட்டாமல் இருக்கச் சில நாடுகளில் காகிதத்தில் சேர்க்கப்பட்ட புளோரின் வேதிப்பொருட்கள் உடலிலும் மண்ணிலும் சிதையாமல் தங்குவதால், அமெரிக்கச் சந்தையில் அவற்றின் விற்பனை முடிவுக்கு வந்துவிட்டதாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2024இல் அறிவித்தது. ஆகவே ‘எண்ணெய் ஒட்டாத காகிதம்’ என்று விற்கப்படுவதில் என்ன பூசப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்டறிவது வாங்குபவரின் கடமையாகிறது.

மட்கும் பிளாஸ்டிக் என்பது மாவுச்சத்து போன்ற தாவரப் பொருட்களைக் கொண்டு செய்யப்படுவது. மரவள்ளி விளையும் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களுக்கு இதில் தொழில் வாய்ப்பும் உண்டு. ஆனால் தரச்சான்று பெற்ற மட்கும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் 60 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம் நீடிக்கும் பெரிய உரக் கூடத்தில்தான் முழுமையாக மட்குகிறது. சாக்கடையில் விழுந்தால் மற்றப் பிளாஸ்டிக்கைப் போலவே அடைத்துக்கொள்ளும். அத்தகைய உரக் கூடமும் தனியே பிரித்துச் சேகரிக்கும் ஒழுங்கும் இல்லாத ஊரில் அதன் நன்மை ஏட்டளவில் நின்றுவிடும்.

பனையோலைக்கு நீண்ட வரலாறு உண்டு. தென்மாவட்டங்களில் கருப்பட்டியும் கற்கண்டும் ஓலைப்பெட்டியில் விற்கப்படுகின்றன. செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள். பனை கொங்கு நாட்டு மேட்டு நிலத்துக்கும் புதிதன்று. முடைந்த ஓலை காற்றைத் தடுக்காது என்பதால் மிக்சருக்கு அது பொருந்தாது; ஆனால் ஓரிரு வாரத்துக்குள் உண்ணப்படும் எள்ளுருண்டைக்கும் வெல்லப் பண்டங்களுக்கும், உள்ளே வாழைச் சருகு விரித்த ஓலைப்பெட்டி தக்கது. சீர்வரிசைக்கும் பரிசுக்கும் அழகு சேர்ப்பதோடு, பிறகு வீட்டில் வேறு பயனுக்கும் அது உதவுகிறது. துணிப்பையும் இதுபோலவே வெளிக்கலமாக மட்டும் சிறந்தது. விசைத்தறி ஊரில் அதற்குத் துணிப் பஞ்சமில்லை.

கண்ணாடியும் எவர்சில்வரும் ஈரம், காற்று, வாடை ஆகிய மூன்றையும் முழுமையாகத் தடுக்கின்றன. எவர்சில்வர் வெளிச்சத்தையும் தடுக்கிறது. எண்ணெயையும் வாடையையும் உறிஞ்சிவைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் டப்பாவைப் போலன்றி, இவை கழுவியதும் பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் ஒரு சம்படத்தைச் செய்வதற்கு ஆகும் ஆற்றலும் செலவும் ஒரு பையைவிடப் பன்மடங்கு மிகுதி. பலமுறை நிரம்பித் திரும்பினால்தான் அந்தச் செலவு ஈடாகும். ஒருமுறை பயன்பட்டு அலமாரியில் முடங்கும் எவர்சில்வர் டப்பா, சூழல் கணக்கில் பிளாஸ்டிக் பையைவிடக் கேடானது. எனவே பொருளின் தகுதி அதன் சுழற்சியைப் பொறுத்தே அமைகிறது.

திரும்பி வரும் வழி

கலம் திரும்பிவர வைப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அண்மைச் சான்று ஒன்று உள்ளது. வனப்பகுதிகளில் வீசப்படும் மதுப் புட்டிகளால் யானை உள்ளிட்ட விலங்குகளுக்கு நேரும் துன்பத்தைக் கருதிச் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதன் விளைவாக, 2022 மே மாதம் நீலகிரி மாவட்டத்து அரசு மதுக்கடைகளில், புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பித் தருபவருக்கு அத்தொகையை அளிக்கும் முறை தொடங்கியது. புட்டிகளில் பெரும்பகுதி திரும்பியதால், கோவை உள்ளிட்ட பிற மாவட்டங்களுக்கும் கட்டம் கட்டமாக அது விரிந்தது. இதிலிருந்து பெறும் பாடம் இரண்டு. அறிவுரை செய்யாததைப் பத்து ரூபாய் வைப்புத்தொகை செய்தது என்பது முதற்பாடம். திரும்பிய புட்டிகளை எண்ணவும் அடுக்கவும் ஆளும் இடமும் போதவில்லை என்று கடை ஊழியர்கள் முறையிட்டது இரண்டாம் பாடம்; திரும்பும் கலத்துக்கான வேலையை யாரேனும் செய்தாக வேண்டும், அதற்குக் கூலியும் தந்தாக வேண்டும்.

பலகாரக் கடைக்கு இதைப் பொருத்தினால், வைப்புத்தொகை கலத்தின் அடக்க விலையை ஒட்டி இருக்க வேண்டும். மிகக் குறைவாக இருந்தால் கலம் வீட்டுச் சமையலறையிலேயே தங்கிவிடும். கலமே மிக உயர்ந்த விலையுடையதாக இருந்தால் வாங்குபவர் வைப்புத்தொகை கட்டத் தயங்குவார். ஆதலால் தடித்த அன்பளிப்புச் சம்படத்தைவிட, ஒரே அளவில் அமைந்த, ஒன்றினுள் ஒன்று அடுக்கக்கூடிய எளிய கலமே சுழற்சிக்கு ஏற்றது. ஒரு கடையின் கலத்தை மற்றக் கடையிலும் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாடு இருந்தால் வாங்குபவரின் அலைச்சல் குறையும். பல கடைகள் பொதுக்கலம் ஒன்றை ஏற்றால்தான் அது கைகூடும்.

கழுவுதல் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. கலத்தின் மூலையில் ஒட்டியிருக்கும் பழைய எண்ணெய் ஏற்கெனவே காறத் தொடங்கியிருக்கும். அதன் மேல் புதிய பலகாரத்தை நிரப்பினால் அதுவும் விரைவில் காறிப்போகும். வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, சிறிதும் ஈரமின்றி உலர்த்தி, நெளிவும் விரிசலும் உண்டா என்று பார்த்த பிறகே நிரப்ப வேண்டும். இதற்கு நீர் தேவை. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தின் கடைமடையில் உள்ள வெள்ளகோவிலில் வாய்க்கால் நீருக்கே விவசாயிகள் போராட வேண்டியிருப்பதால், கலம் கழுவும் நீரை வடிகட்டி மறுபடி பயன்படுத்தும் பொதுக் கழுவுமிடமே பொருத்தமானது. வறண்ட காற்றும் மிகுந்த வெயிலும் உலர்த்தும் வேலையில் துணை நிற்கும்.

வாங்குபவரே தம் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவருவது இவற்றுள் எளிய வழி. ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல், பிளாஸ்டிக் உறையில் உணவு கட்டித் தரும் உணவகங்கள் மறுபயன்பாட்டுக் கலத்தையும் கூடுதல் விலையின்றி வழங்க வேண்டும் என்பது சட்டம்; ஐந்து பேருக்கு மிகாத பணியாளர்களும் 80 சதுர மீட்டருக்கு மிகாத இடமும் கொண்ட சிறு கடைகளுக்கு அதிலிருந்து விலக்கு அளித்து, வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தில் நிரப்பித் தந்தால் போதும் என்று அச்சட்டம் கூறுகிறது. வெள்ளகோவில் கடைவீதியின் அளவுக்கு இந்தச் சிறுகடை விதி மிகவும் இயைந்தது. இங்கே எழக்கூடிய ஐயம் எடையைப் பற்றியதே. மின்னணுத் தராசில் பாத்திரத்தை முதலில் வைத்து, அதன் எடையைச் சுழியமாக்கிய பிறகு பலகாரத்தை நிறுப்பது மிக எளிது. அதை வாங்குபவர் பார்க்கும்படி செய்தால் ஐயம் தீரும். உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கு எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்பதைக் கடையில் எழுதிவைப்பது 2020 அக்டோபர் முதல் கட்டாயம் என்பதால், அதே பழக்கத்தைக் காரங்களுக்கும் விரித்துக்கொள்வதில் தடையில்லை.

தூரத்துக்கு ஏற்ற கலம்

மேற்சொன்னவற்றைத் தொகுத்தால், பலகாரத்தின் பயணத்தை மூன்று வட்டங்களாகப் பிரிக்கலாம். முதல் வட்டம் ஊருக்குள் விற்று, சில நாளில் உண்ணப்படுவது. இதற்கு மூடிய எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கலத்திலிருந்து வாங்குபவரின் சம்படத்துக்கே நேராக மாற்றித் தருவது போதும். தனி உறையே தேவையில்லை. பாத்திரம் இல்லாமல் வருபவருக்கு வைப்புத்தொகைக் கலமோ, உடனே உண்பதற்கென்றால் வாழையிலையோ அச்சிடாத தூய காகிதமோ தரலாம்.

இரண்டாம் வட்டம் காங்கேயம், மூலனூர், முத்தூர், தாராபுரம், கரூர் என ஒரு நாளில் வண்டி போய்த் திரும்பும் ஊர்கள். இங்கே செய்பவருக்கும் கடைக்கும் இடையே, சட்டம் ஏற்கும் ஐந்து லிட்டருக்கு மேற்பட்ட உணவுத்தர மூடிகலங்களைச் சுழலவிடலாம். சரக்கு இறக்கும் வண்டியே காலிக் கலத்தையும் ஏற்றிவரும் என்பதால் தனிப் போக்குவரத்துச் செலவு இல்லை. பழைய டின் செய்த வேலையை, துருவும் சட்டச் சிக்கலும் இன்றி இது செய்யும். சிறு பைகளின் எண்ணிக்கையை மிகுதியாகக் குறைக்கக்கூடியதும் இந்த வட்டமே.

மூன்றாம் வட்டம் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் செல்லும் பலகாரம். வாரக்கணக்கில் பயணமும் மாதக்கணக்கில் இருப்பும் கொண்ட இதற்குக் காற்றுப் புகாத உறை இன்றியமையாதது. கலம் திரும்பிவருவதும் நடைமுறைக்கு ஒவ்வாதது. எனவே பன்னடுக்குப் படலத்துக்குப் பதில், ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன, மறுசுழற்சிக்கு உகந்த உறையைத் தேர்வதும், 50 கிராம் பைகளைத் தவிர்த்துப் பெரிய அளவில் அடைப்பதும்தான் இங்கே செய்யக்கூடியவை. தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இத்தகைய உறைகளில் முறுக்கும் கச்சாயமும் எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சிறு தயாரிப்பாளர்களுக்குச் சோதித்துச் சொன்னால், அளவுக்கு மிஞ்சிய உறைக்குச் செலவிடும் தேவை குறையும்.

இன்றைய குறை, மூன்றாம் வட்டத்துக்கென்று உருவான உறை முதல் வட்டத்திலும் புழங்குவதே. தடைச் சட்டத்தால் மட்டும் இக்குறை நீங்காது. நகராட்சி ஒரு பொதுக் கழுவுமிடத்தை அமைப்பதும், வணிகர் சங்கம் ஒரே அளவான வைப்புத்தொகைக் கலத்தை ஏற்பதும், உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் மறுபயன்பாட்டுக் கலத்துக்கான தூய்மை நெறிகளைத் தமிழில் எளிமையாக எழுதித் தருவதும் ஒன்றுசேர்ந்தால், வெள்ளகோவில் அளவுள்ள ஊரொன்றில் இதை ஒரே தீபாவளிக் காலத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலை வாங்குபவருக்கு உண்டு: கடைக்குப் புறப்படும்போது மஞ்சப்பைக்குள் ஒரு சம்படத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும், கடைக்காரரும் அதில் முகம் சுளிக்காமல் நிறுத்துத் தர வேண்டும்.